குறைந்த விலை யாருடைய பங்கு?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசிக்கப்பட்டபின் பொதுவான பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். மார்க்கம் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் அறிந்தது பத்திரம் மட்டுமே. சார்பதிவாளர் அலுவலக வாசலில் 34 ஆண்டுகள் கிரயப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஆகவே, இன்று நம் மஹல்லாவில் பல வீடுகளில் பேசப்படும் ஒன்றைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். 'சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்கு மனை, வீடு தேடித் தருகிறோம்' என்று வருபவர்களை நம்பலாமா என்பதே அது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரும் சாலையில் இருபுறமும் பாருங்கள். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைப் பணி தொடங்கியது முதல், கொடி நட்ட மனைப்பிரிவுகளும் விளம்பரப் பலகைகளும் பெருகிவிட்டன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கே செய்தி போகிறது. சபர் சென்றவன் வெயிலில் உழைத்து அனுப்பும் பணம், மகளின் திருமணத்திற்கு அடுத்தபடியாக, மண்ணில்தான் போய் விழுகிறது. அது ஒருவனுடைய 10 ஆண்டு உழைப்பாக இருக்கலாம். அதனால் இதைச் சிறிய செய்தி என்று நான் கருதவில்லை.

என் வீட்டில் நடந்தது

பிறர் கதை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்வதே முறை.

2017ஆம் ஆண்டு என் தங்கையின் கணவர், சவூதி அரேபியாவில் 19 ஆண்டுகள் ஓட்டுநராக உழைத்துவிட்டு ஊர் திரும்பினார். குறைந்த விலை மனைகளைத் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தினர் அவரை அணுகினர். தேடித் தரும் கட்டணமாக 30,000 ரூபாய் முன்னதாகவே வாங்கிக்கொண்டனர். ஒரு மாதத்தில் சிதம்பரத்திற்கு வெளியே 6 சென்ட் மனையைக் காட்டினர். அக்கம்பக்கத்தில் அந்த அளவு மனை 9 லட்சத்திற்கு விலைபோய்க்கொண்டிருந்தது. இதற்குக் கேட்டது 6 லட்சம்.

"மச்சான், நீங்கள் ஒரு கண் பார்த்துவிடுங்கள்" என்று பத்திர நகலை என்னிடம் கொண்டுவந்தார். நான் 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். அடமானம் இல்லை, கடன் இல்லை, வேறு கிரயம் இல்லை. மூலப்பத்திரம் விற்பவர்களின் தந்தை பெயரில் இருந்தது. தந்தையும் தாயும் மறைந்துவிட்டார்கள். இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட வருகிறார்கள். "பிள்ளைகள் இந்த இருவர்தாம்" என்று தேடித் தந்தவர் சொன்னார். "சுத்தமாக இருக்கிறது, முடித்துவிடுங்கள்" என்று நான் சொன்னேன். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், அன்று கேட்கவில்லை. விலையைப் பார்த்த மகிழ்ச்சி என் கண்ணையும் மறைத்துவிட்டது.

எட்டு மாதத்தில் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அந்தக் குடும்பத்திற்கு வெளியூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட இரண்டு பெண் மக்கள் இருந்தார்கள். தங்கள் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர்களும் நம் சமுதாயத்தவரே. இரண்டு ஆண், இரண்டு பெண் என்றால் பாகம் எப்படி வரும் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பங்கில் ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. பெண்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு. 9 லட்சத்தில் அது 3 லட்சம்.

சகோதரர்களே! என் மச்சானுக்குக் கிடைத்த 'தள்ளுபடி'யும் 3 லட்சம்தான். அண்ணன் தம்பி இருவரும் தங்களுக்குச் சேர வேண்டிய 6 லட்சத்தைச் சரியாக எடுத்துக்கொண்டு, சகோதரிகளின் பங்கை நமக்கு மலிவு என்று காட்டியிருக்கிறார்கள். தேடித் தந்த நிறுவனத்தைக் கேட்டபோது, "சொத்தைக் காட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். அவர்கள் தந்த ரசீதிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் எழுதியிருந்தது. நான்கு ஆண்டுகள் அலைந்தபின் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆயிற்று. அந்தப் பெண்களுக்கு 3 லட்சம் கொடுத்து விடுதலைப் பத்திரம் பெற்றோம். வக்கீல் கட்டணமும் அலைச்சலும் தனி. சந்தை விலையைவிட அதிகம் கொடுத்துத்தான் அந்த மனை எங்களுக்குச் சொந்தமாயிற்று.

அன்று முதல், குறைந்த விலை என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறைந்த தொகை யாருடைய பங்கு?

விலை குறைவதற்குக் காரணம் உண்டு

ஊர் விலை தெரியாமல் நிலம் விற்பவர் நம் பகுதியில் எவரும் இல்லை. எனவே விலை குறைந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வெளிநாடு குடிபோதல் போன்ற நேர்மையான காரணமும் இருக்கலாம். நான் கண்ட வேறு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, முன்னர்ச் சொன்ன விடுபட்ட பங்கு. நம்மவர் சொத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. முஸ்லிம் ஒருவர் தம் மகளுக்கு வாய்மொழியாக ஹிபா செய்து, அவர் ஏற்று, அனுபோகமும் மாறிவிட்டால், பதிவு இல்லாமலேயே அது செல்லும். ஆனால் வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். வாய்மொழி ஹிபாவோ, பதியாத பாகப்பிரிவினையோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் தெரியாமற் போகலாம். ஆகவே மனையில் யார் குடியிருக்கிறார், யார் தேங்காய் பறிக்கிறார் என்பதை நேரில் சென்று பக்கத்து வீட்டில் கேட்பதற்கு ஈடான சான்று வேறில்லை.

இரண்டாவது, அங்கீகாரமில்லாத மனை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20ஆம் நாளை எல்லையாகக் கொண்டே அவ்விதிகள் அமைந்தன. அதற்குப் பின் வயலை அளந்து கல் நட்டு விற்கப்படும் மனைக்கு டி.டி.சி.பி. என்று வழங்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டா.

மூன்றாவது, விற்கவே கூடாத நிலம். அரசுப் புறம்போக்கு, வக்ஃபு நிலம், அறநிலையத்துறைச் சட்டத்திற்கு உட்பட்ட கோயில் நிலம் ஆகியவற்றை உரிய அனுமதியின்றிப் பதியலாகாது என்று பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-அ பிரிவு கூறுகிறது. நம் வக்ஃபு நிலத்தை மலிவு என்று நம்மவரே வாங்குவதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

நான்காவது, தண்ணீர். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் வடிகாலாக இருப்பது நம் மாவட்டம். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கடலூர்ப் புறநகருக்குள் புகுந்ததையும் கண்டோம். கோடையில் காட்டப்படும் மலிவு மனையை ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரப் பகுதியாயின், கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி அங்கே வீடு கட்டலாமா என்றும் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாவது, அளவும் ஏடும். காணிக் கணக்கில் குழி என்பது 576 சதுர அடி. மா கணக்கில் குழி என்பது 144 சதுர அடி. 'குழி இவ்வளவுதான்' என்று விலை சொன்னால் எந்தக் குழி என்று கேளுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இன்னும் சிலர், பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வாங்குவதையே சலுகை என்பார்கள். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டப்படி குற்றத்தொகைக்கு உரியது. அது மட்டுமன்று, கிரயம் முறிந்தால், பத்திரத்தில் இல்லாத பணத்தை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பீர்கள்?

ஏலச் சொத்து தேடித் தருவோர்

அண்மைக் காலத்தில், 'வங்கி ஏலத்தில் பாதி விலைக்கு வீடு' என்று சொல்லி முன்கட்டணம் வாங்குவோர் வந்துள்ளனர். வங்கி ஏலம் மெய்யானது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி, வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கிகள் ஏலம் விடுகின்றன. ஆனால் அதன் அறிவிப்பு நாளிதழ்களில் வெளிவருகிறது. அரசுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளுக்கென்று 'பேங்க்நெட்' என்னும் பொது இணையதளமும் 2025 சனவரியில் தொடங்கப்பட்டது. எவரும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை 'இரகசியத் தகவல்' என்று விற்பவரிடம் தொடக்கத்திலேயே ஒரு பொய் இருக்கிறது.

மேலும் ஏலச் சொத்து 'உள்ளது உள்ளபடியே' விற்கப்படுவது. உள்ளே குடியிருப்பவர், நிலுவை வரி, பாதை வழக்கு எல்லாம் வாங்குபவர் தலையில் வரலாம். ஏலம் உறுதியானவுடன், அன்றோ அடுத்த வேலை நாளிலோ, விலையில் நூற்றுக்கு 25 கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாக 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், அவ்வாறு 25 விழுக்காடு முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீதிப் பணத்திற்கு வழியில்லாதவனை ஏலத்தில் இறக்கிவிடும் முகவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. அவர் கட்டணம் முன்பே கைக்கு வந்துவிட்டது.

தேடித் தருபவரை எடை போடுவது எப்படி?

தரகுத் தொழில் இழிவானதன்று. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கூலி பெறுவதை ஃபிக்ஹு நூல்களும் பேசுகின்றன. என் அலுவல் வாழ்வில் நாணயமான தரகர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய நான்கு அடையாளங்களைச் சொல்வேன்.

ஒன்று, அவர் எப்போது கூலி வாங்குகிறார்? நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, கிரயம் பதிவான பிறகு வாங்குவதே நம் பகுதியின் வழக்கம். கிரயம் முடிந்தால்தான் கூலி என்றால், அது நல்லபடியாக முடிய வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருக்கும். தேடுவதற்கே முன்பணம் வாங்கியவருக்கு அந்த அக்கறை வேண்டியதில்லை.

இரண்டு, பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணைத் தருகிறாரா? அந்த எண் கையில் இருந்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையதளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும் நாமே பார்த்துவிடலாம். 'டோக்கன் போட்டால்தான் எண் தருவோம்' என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று, விற்பவரை நேரில் சந்திக்க விடுகிறாரா? 'பவர் என்னிடம் இருக்கிறது' என்பது போதிய விடையன்று. பொது அதிகார ஆவணத்தைக் கைமாற்றிக் கொடுப்பது கிரயமாகாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துபோகும். ஆகவே உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, விற்கச் சம்மதிக்கிறாரா என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

நான்கு, அவர் பதிவு பெற்றவரா? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் விற்பனைக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றை விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற வேண்டும். எழுத்து ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. திட்டத்தின் எண்ணையும் முகவரின் எண்ணையும் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் தனி ஒருவரின் பழைய மனையை விற்றுத்தரும் தரகருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அங்கே முதல் மூன்று அடையாளங்களையே நம்ப வேண்டும்.

நான்கையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம். அவர் சொல்வதை அவர் உதவியில்லாமல் நாம் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கு இடம் கொடுப்பவர் நம்பத்தக்கவர். 'என்னை நம்புங்கள்' என்பதைத் தவிர வேறு சான்று தராதவர், எவ்வளவு நெருங்கியவரானாலும் தள்ளி வைக்கத்தக்கவர்.

'நெருங்கியவர்' என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளைநிலம் தருவதாகச் சொல்லித் தவணை வசூலித்த பி.ஏ.சி.எல். நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். சுமார் 5 கோடியே 85 இலட்சம் பேரிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் செபி ஆணையிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீதியரசர் லோதா தலைமையில் குழு அமைந்தது. பத்தாண்டு கடந்தும் பணம் முழுவதும் திரும்பிய பாடில்லை. தமிழ்நாட்டிலும் ஊர்தோறும் அதற்கு முகவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற வந்தவர்கள் அல்லர். தாமும் நம்பி, தம் உறவினரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துவிட்டவர்கள். ஆள் நல்லவர் என்பதற்காக, அவர் விற்கும் பொருளும் நல்லது ஆகிவிடாது.

'பத்திரம் பதிவாகிவிட்டதே, இனி என்ன?' என்று கேட்போரும் உண்டு. பதிவு அலுவலர் விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்பளிப்பவர் அல்லர் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. உரிமையை ஆராய்வது வாங்குபவன் கடமை. அதற்கு வக்கீல் ஒருவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டா. அந்த வக்கீலும் நீங்கள் தேடியவராக இருக்கட்டும், தரகர் அழைத்து வந்தவராக வேண்டா.

மெய்யான சலுகை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியது. இதற்குத் தரகர் வேண்டியதில்லை. யாருடைய பங்கும் இதில் குறையவில்லை.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

ஒன்று, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் நம் மலரின் பக்கங்களிலும் மனை விளம்பரம் வருமானால், சர்வே எண்ணும் அங்கீகார எண்ணும் இல்லாமல் ஏற்க வேண்டா. பள்ளிவாசல் சுவரில் ஒட்டிய தாளை, ஜமாஅத் கொடுத்த உறுதிமொழியாகவே மக்கள் எண்ணுவார்கள்.

இரண்டு, நம் மஹல்லாவில் வக்கீல்கள், ஓய்வுபெற்ற வருவாய்த்துறையினர், நில அளவையர் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் அமர்ந்து, நிலம் வாங்க இருப்போரின் தாள்களைக் கூலியின்றிப் பார்த்துச் சொல்லும் சிறு குழு ஒன்று அமையட்டும். முதல் ஆளாக நான் வருகிறேன். சபரில் இருப்பவர் தம் பணத்தை ஒருவர் கையில் மட்டும் விடாமல், தாள்களை இக்குழுவிற்கும் அனுப்பலாம்.

மூன்று, இது வாங்குவோருக்கன்று, விற்போருக்கு. சொத்தை விற்கும் முன் பராயிள் கணக்கை முறையாக எழுதி, சகோதரிகளின் பங்கைக் கொடுத்துவிட்டோ, அவர்களையும் கையெழுத்திட அழைத்தோ விற்க வேண்டும். 'அவளுக்குச் சீர் செய்தாயிற்று' என்பது பாகம் கொடுத்ததாகாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை ஆலிம்கள் பலமுறை நமக்கு நினைவூட்டியிருக்கிறார்கள்.

சமரசம் ஆன அன்று, அந்த இரண்டு பெண்களில் மூத்தவர் என் தங்கையிடம் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. "உங்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. வாங்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். 34 ஆண்டு பத்திரம் எழுதியவனுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்காவது தோன்ற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

பிறர் பங்கு கலவாத மண்ணில் வீடு கட்டி வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.